பெரிய வண்டியும் ஓனர் கருத்தும்

"திங்கக்கிழமை தக்காளி பறிக்கணும். அதுக்குள்ள இந்த மகாராஜாவ ஷெட்ட விட்டு எழுப்புங்க" என்றார் வெங்கடம்மாள்.

மகாராஜா என்றது புருஷனை அல்ல. ஷெட்டை அடைத்துக்கொண்டு படுத்திருந்த பதினேழு அடி நீள வெளிநாட்டுக் காரை.

சூளகிரி தொழிற்பேட்டைக்கு நிலம் கொடுத்த கையோடு, பெங்களூரில் ஒரு பில்டரிடம் செகண்ட் ஹேண்டில் சென்னப்பன் வாங்கியது அது. அதுவரை அவர் வெறும் சென்னப்பன். அதற்குப் பிறகு 'பெரிய வண்டிக்காரர்'. வண்டியை விற்றுவிடலாம், பட்டத்தை என்ன செய்வது? அதனால் விற்பதாக அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை. ஓசூர் லேபர் காண்ட்ராக்டர் ராஜ்குமார் ஒருவர்தான் ஒரு மாதமாக விலை கேட்டுக்கொண்டிருந்தார். சென்னப்பனும் ஒரு மாதமாக "யோசிக்கலாம்" என்று கெத்து காட்டிக்கொண்டிருந்தார்.

இந்த நிலையில்தான் அந்த போன் வந்தது.

"அண்ணா, பாரூர்லருந்து கோவிந்தன் பேசறேங்க. உங்க வண்டி மாடலப் பத்தி ஓனர் கருத்து கேக்கணும். நேர்ல வரலாமுங்களா?"

"வாங்கப் போறீங்களா?"

"வண்டி விஷயமாத்தாங்ணா."

சென்னப்பனின் ஐம்பத்தாறு வயதுக்குள் அவரிடம் கருத்து கேட்டு யாரும் வந்ததில்லை. வீட்டுக்குள் இருப்பவர்கள்கூடக் கேட்டதில்லை. உடனே டிரைவர் மணியைக் கூப்பிட்டார்.

"மீட்டர்ல எரியுதே மஞ்ச லைட்டு, அத அணைக்க முடியுமா?"

"பெங்களூர் மெக்கானிக்காலயே முடியலீங்க."

சென்னப்பன் சந்தனத்தைக் குழைத்து, லைட்டை மறைத்து ஒரு பொட்டு வைத்தார். நடுவில் குங்குமம். உள்ளேயிருந்து லைட் எரிய, பொட்டு தெய்வ கடாட்சமாகப் பளபளத்தது.

மறுநாள் காலை கோவிந்தன் மொபெட்டில் வந்து இறங்கினார். வெங்கடம்மாள் தெலுங்குக்கு மாறி, மொபெட்டில் வருகிறவனா இந்த யானையை வாங்குவான் என்று புருஷனிடம் முணுமுணுத்தார்.

"பணக்காரன் இப்பல்லாம் எளிமையாத்தான் இருப்பான்" என்று சென்னப்பனும் தெலுங்கிலேயே அடக்கினார்.

கோவிந்தன் சிரித்துக்கொண்டே தெலுங்கில் நன்றி சொன்னார். ஓசூர்ப் பக்கம் ரகசியம் பேசப் பாஷையே கிடையாது.

வண்டிக்குள் ஏறியதும் கோவிந்தனின் கண் நேராக மீட்டருக்குப் போனது. பொட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "நல்ல யோசனைங்ணா" என்று பாக்கெட் நோட்டில் ஏதோ எழுதினார். பக்தி என்பதைத்தான் யோசனை என்கிறார் போலும் என்று சென்னப்பன் விட்டுவிட்டார்.

"மைலேஜ் எவ்வளவு சொல்லலாம்ங்ணா?"

"பன்னெண்டு."

"ஆறுங்க" என்றார் மணி. "அதுவும் இறக்கத்துல."

"மலை ஏறும்போது ஆறுன்னு சொல்றான். நீங்க பன்னெண்டுன்னு எழுதுங்க."

"பன்னெண்டு" என்று கோவிந்தன் பயபக்தியுடன் எழுதினார். "சர்வீஸு?"

வருஷத்துக்கு நாலு தடவை லாரியில் ஏற்றித்தான் வண்டி எல்லை தாண்டிப் பெங்களூர் போகும். சென்னப்பன் தொண்டையைக் கனைத்தார். "அவங்களே வீடு தேடி வருவாங்க. நாலு சக்கரமும் தரையில படாம, பல்லக்குல ஏத்தற மாதிரி ஏத்திட்டுப் போவாங்க."

"ஆகா! இருங்க, இருங்க. 'பல்லக்குல ஏத்தற மாதிரி'... அப்புறம்?"

இப்படி ஒரு ரசிகர் கிடைத்தால் யாருக்குத்தான் வாய் நிற்கும்? சென்னப்பன் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார். குரல் தானாகக் கம்மியது.

"இது வண்டியில்லீங்க. எங்க வீட்டுக்கு மூத்த புள்ள."

"ஆமா, ஒரு வேலைக்கும் போகாம ஷெட்லயே படுத்திருக்குதே" என்றார் வெளியே நின்ற வெங்கடம்மாள்.

"அம்மா சொன்னது வேணாம். மூத்த புள்ளய இன்னொருக்கா சொல்லுங்கண்ணா" என்றார் கோவிந்தன்.

கைவைத்தபடியே இன்னொருமுறை சொன்னார்.

ஓட்டிப் பார்க்கக் கிளம்பினார்கள். தெரு முனையில்தான் சிக்கல். அங்கே ஒரு ஸ்பீடு பிரேக்கர். ஆள் உட்கார்ந்திருந்தால் வண்டியின் வயிறு அதில் உரசாமல் போகாது. நல்லவேளையாகப் பக்கத்திலேயே முனியப்பன் கல் இருந்தது.

"இந்த இடத்துல இறங்கிக் கும்பிட்டுட்டுதாங்க போவோம். அது எங்க பழக்கம்."

திரும்பிப் பார்த்தால் கோவிந்தன் ஏற்கெனவே இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பி நின்றார்.

மெயின் ரோட்டுக்கு முன்னால் அடுத்த ஸ்பீடு பிரேக்கர். அங்கே சாமி இல்லை; ஒரு கம்பெனி கேட்தான் இருந்தது. வேறு வழியின்றி சென்னப்பன் இறங்கி கேட்டைப் பார்த்துக் கும்பிட்டார். கோவிந்தனும் கும்பிட்டார். செக்யூரிட்டி பதறி எழுந்து சல்யூட் அடித்தார்.

திரும்பும்போது தூறல் போட்டது. மணி பட்டனை அழுத்தினார். கண்ணாடி பாதியில் நின்றது. சென்னப்பன் காற்றோட்டத்தின் அருமையைப் பற்றிப் பேச வாயெடுப்பதற்குள், கோவிந்தன் இரண்டு உள்ளங்கையையும் கண்ணாடியில் பதித்து, லேசாக வெளிப்பக்கம் சாய்த்து, மேலே தள்ளினார். கண்ணாடி சமர்த்தாக ஏறியது. இரண்டு வருஷமாக மணிக்கே பிடிபடாத வித்தை அது.

"கைராசிக்காரர்ங்க நீங்க!" என்றார் சென்னப்பன்.

வீட்டுக்கு வந்து காபி குடித்தார்கள். கோவிந்தன் விலையைப் பற்றிப் பேச்செடுக்கவேயில்லை. சென்னப்பனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கொஞ்சம் சூடு ஏற்றலாம் என்று, ராஜ்குமாருக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"ராஜ்குமாரு, பாரூர்லருந்து பெரிய பார்ட்டி வந்திருக்காங்க. நீங்க சொன்ன வெலையெல்லாம் ஆவாது. இன்னும் ரெண்டு லட்சம் ஏத்துனா பேசலாம்."

"என்னங்ணா, நேத்து வரைக்கும் ஒரு வெல, இன்னிக்கு ஒரு வெலையா? இந்த மாடல்தான் வேணும்னு ஒரு மாசமா உங்க பின்னாலயே சுத்தறேனே!"

போனை வைத்துவிட்டு சென்னப்பன் மீசையைத் தடவினார். "கேட்டீங்களா? எப்படிக் கெஞ்சறார்னு. சந்தேகம்னா நீங்களே பேசிப் பாருங்க, நம்பர் தரேன்."

கோவிந்தன் நம்பரையும் நோட்டில் எழுதிக்கொண்டார். எழுந்து, சென்னப்பனின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கண் பனித்திருந்தது.

"இந்த உதவிய மறக்கமாட்டேங்ணா."

"பாத்தியா?" என்றார் சென்னப்பன், மொபெட் புகை அடங்கியதும். "நாளைக்கே அட்வான்ஸோட வருவான்."

மறுநாள் வரவில்லை. ஞாயிறும் வரவில்லை. கோவிந்தன் போனை எடுக்கவில்லை. பழைய விலைக்கே இறங்கிவிடலாமென்று கூப்பிட்டால் ராஜ்குமாரும் எடுக்கவில்லை. திங்கட்கிழமை தக்காளி வந்து இறங்கியது. ஷெட்டில் மூத்த பிள்ளை சௌக்கியமாகப் படுத்திருக்க, நூற்றிருபது பெட்டி தக்காளி வாசலில் தார்ப்பாய்க்குக் கீழே மழையில் நனைந்தது. வெங்கடம்மாள் தெலுங்கையும் தமிழையும் முடித்துக் கன்னடத்துக்கு வந்திருந்தார்.

அப்போது தெரு முனையில் அதே மாடல், வெள்ளை நிறம், மெதுவாக வந்து நின்றது. உள்ளேயிருந்து ராஜ்குமார் இறங்கி, செருப்பைக் கழற்றி, முனியப்பனைக் கும்பிட்டார். வண்டி ஸ்பீடு பிரேக்கரைத் தாண்டியதும் மறுபடி ஏறி வாசலுக்கு வந்தார். மீட்டரில் சந்தனப் பொட்டு பளபளத்தது.

ஸ்வீட் பெட்டியை நீட்டினார். "தப்பா நெனைக்காதீங்கண்ணா. உங்க வண்டியத்தான் எடுத்திருப்பேன். ஆனா நீங்க வெலைய மட்டுந்தான் பேசினீங்க. பாரூர்க்காரர் கைய நெஞ்சுல வச்சுக்கிட்டு, 'இது வண்டியில்லீங்க, எங்க வீட்டுக்கு மூத்த புள்ள'ன்னு சொன்னாரு பாருங்க, அங்கயே எனக்கு அழுகை வந்துருச்சு!"