சித்தியின் வலது காதும் நெறிமுறைக் குழுவும்

அன்பிற்குரிய சித்திக்கு, அக்கா மகள் எழுதிக்கொள்வது. நான் நலம் என்று எழுதினால் அதுவே இந்தக் கடிதத்தின் முதல் பொய்யாகிவிடும். நீங்களும் சித்தப்பாவும் நலமாயிருக்க வேண்டும் என்பது மட்டும் நிஜம்.

அடுத்த வாரம் நான் வெளிநாடு போகிறேன், தெரியும்தானே. ஹோட்டல் சலவைக்கூடங்களில் வேலை செய்யும் பெண்களோடு பேசி, அவர்கள் படும் பாட்டையெல்லாம் எழுதி, நான் டாக்டர் பட்டம் வாங்கப்போகிறேன். அதற்குப் பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழு அனுமதி தர வேண்டும். யாரையும் நோகடிக்காமல் ஆராய்ச்சி செய்வேனா என்று பார்ப்பதற்காக ஐந்து பேர் உட்கார்ந்து என்னை இரண்டு மணி நேரம் நோகடித்தார்கள். பேசும்போது அந்தப் பெண் அழுதால் என்ன செய்வாய் என்றார் ஒருவர். ரெக்கார்டரை நிறுத்துவேன் என்றேன். எத்தனை நிமிடம்? நாக்கில் சனி, நாலு என்றேன். பக்கத்திலிருந்தவர் ஐந்தாக்கச் சொன்னார். அதற்குக் கால்மணி நேரம் விவாதம். அப்புறம் ஒப்புதல் படிவங்களைப் பூட்டிய அலமாரியில் வைக்க வேண்டுமாம். ஹாஸ்டலில் என் அலமாரிக்குக் கதவே கிடையாது. என் பேராசிரியரிடம் கிசுகிசுத்தேன். "பூட்டு வாங்கிட்டேன்னு எழுதும்மா. கதவு இருக்கான்னு அவங்க கேக்கலையே" என்றார். எழுதினேன்.

எல்லாம் முடிந்து எழப்போகிற நேரத்தில், ஓரமாகப் பேசாமல் இருந்த ஓய்வுபெற்ற நர்ஸ் அம்மா என் விண்ணப்பத்தின் முதல் பக்கத்தைத் தட்டிக் காட்டி, "இதுல வர்ற அம்மா யாரு? அவங்ககிட்ட கேட்டியா?" என்றார்.

அது நீங்கள்தான் சித்தி.

துணி மடித்துக்கொண்டே, "யார்கிட்டயும் மூச்சு விடாதடி" என்று என்னிடம் சொன்னீர்களே. வெளிநாட்டில் இருந்தபோது நீங்கள் ஆபீசில் வேலை பார்க்கவில்லை, ஒன்பது வருஷமும் படுக்கை விரிப்புதான் துவைத்தீர்கள், சூப்பர்வைசர் அறைந்த அறையில்தான் வலது காது போனது, சித்தப்பாவிடம் காய்ச்சலில் போனதாகச் சொல்லி வைத்திருக்கிறீர்கள். அத்தனையையும் ஒன்று விடாமல் எழுதிவிட்டேன். அந்த ஒரு பக்கத்தைப் படித்துத்தான் எனக்கு உதவித்தொகையே கொடுத்தார்கள். "எங்க சித்திதாங்க" என்றேன். "சித்தின்னா கேக்க வேணாமா?" என்றார் நர்ஸ் அம்மா. மற்ற நாலு பேரும் சிரித்தார்கள். பேராசிரியர்தான் சமாளித்தார்: "இடது காதுன்னு மாத்திடும்மா, யாருக்கும் அடையாளம் தெரியாது." மாற்றினேன். அனுமதி கிடைத்தது.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. முகம் தெரியாத பெண்களுக்குப் பதினோரு பக்கப் படிவம்; சின்ன வயசில் எனக்குத் தலைவாரிவிட்ட உங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வேலியே பயிரை மேய்ந்த கதையைத் தேடி நான் கடல் தாண்ட வேண்டியதே இல்லை. வெட்கமா இருக்கு சித்தி. அதனால் முடிவு பண்ணிவிட்டேன். அந்தப் பக்கத்தை எடுத்துவிடுகிறேன். பயணம் போனால் போகட்டும், பட்டமும் போகட்டும். உங்கள் ரகசியம் என்னோடு மண்ணுக்குள் போகும். நேரில் வந்து காலில் விழுந்ததாக நினைத்து மன்னித்துவிடுங்கள். சித்தப்பாவுக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
உங்கள் மடியில் வளர்ந்தவள்

பி.கு.: இதை மடித்து உறையில் போடும்போது பேராசிரியர் கூப்பிட்டார். அந்தப் பக்கத்தை எடுத்தால் உதவித்தொகையும் நின்றுபோகுமாம். பக்கம் இருக்கட்டும் என்றாலோ, நர்ஸ் அம்மா விடாப்பிடியாக நின்று, உங்கள் ஒப்புதல் வந்தால்தான் அனுமதி செல்லும் என்று எழுதவைத்துவிட்டாராம். படிவம் இணைத்திருக்கிறேன். பென்சிலால் குறி வைத்த இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டு உடனே அனுப்புங்கள், நல்ல சித்தி இல்லையா. உங்கள் நன்மைக்காகக் கடைசியில் சாட்சிக் கையெழுத்து ஒன்று கேட்கிறார்கள்: அதே வீட்டில் வசிக்கும் ஒருவர், உங்கள் கதை வரும் பக்கத்தை முழுக்கப் படித்துப் பார்த்துவிட்டுப் போட வேண்டும். உங்கள் வீட்டில் சித்தப்பாவை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?