மாதா போன முகவரி

சேசு மரி சூசை துணை

பலேர்மோ
வெள்ளிக்கிழமை காலை

என் அன்பான தம்பி ஜெனோஜனுக்கு,

ஆண்டவருடைய கிருபையால் இங்கு நானும் அத்தானும் பிள்ளை ஜெனுஷாவும் உயிரோடும் ஓரளவு சுகத்தோடும் இருக்கிறோம். நீயும் றம்யாவும் ஸ்காபரோக் குளிரில் நோய்நொடி இல்லாமல் இருக்கவேண்டுமென்று செபமாலையில் உங்களுக்கென்று ஒரு மணியை ஒதுக்கி வைத்து உருட்டிக்கொண்டு வருகிறேன். சுகம் விசாரித்தாயிற்று. இனி விஷயம். உன் பெயரில், உன் கார்டைக் கொடுத்து நீ திறந்து தந்த ப்ளே ஸ்டோர் கணக்கிலே நான் ஏற்றி வைத்திருக்கும் "மாதா வருகை" என்ற ஆப்பை, இதை வாசித்து முடித்த கையோடு கழற்றிவிடு. உன்னால்தான் அது முடியும். என்னால் இனிமேல் எதுவும் முடியாது. வாட்ஸப்பில் எழுதினால் நீ ஒரு பெருவிரலை அனுப்பிவிட்டு உன் வேலையைப் பார்ப்பாய் என்பதால் கடிதமாகவே எழுதுகிறேன். அத்தோடு, இந்த நேரம் யோசேப் ஒபரேசன் அறைக்குள் இருக்கிறார். கிளறாவின் போன் வரும்வரைக்கும் எனக்கு வேறு வேலை ஓடாது.

கிளறாவை உனக்குத் தெரியாது. மன்னார்ப் பிள்ளை, இங்கே போர்கோ வெக்கியோப் பகுதியில் இருக்கிறாள், கோயிலில் என் வாங்குப் பலகையில் எனக்குப் பக்கத்தில் இருப்பவள். அவளுடைய மனிசன்தான் யோசேப். இருதயத்தில் வால்வு மாற்றவேண்டும் என்று டாக்குத்தர்மார் சொன்ன நாளிலிருந்து அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "அக்கா, இவர் ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முதல் மாதா ஒருக்கா எங்கடை வீட்டுக்கு வரவேணும். இவர் அவவின்ரை முகத்தைப் பாத்திட்டுப் போகவேணும்." நானும் "ஓம், அது என்ரை பொறுப்பு" என்று சொல்லிவிட்டேன். செபமாலை மாதத்தில் மாதாவின் சிலை, எங்கள் சுருவம், எங்கள் ஆக்களின் வீடு வீடாகப் போகும். ஒரு வீட்டார் செபம் சொல்லி முடித்து, மனம் நிறைந்து, தாங்களாகத் தூக்கிக் கொடுத்தால்தான் அடுத்த வீடு. கேட்டு வாங்குகிற வழக்கம் இல்லை. கோயில் கமிட்டிக் கணக்கை நான் பார்க்கிறபடியால் இந்தப் பயண ஒழுங்கும் என் தலையில் விழுந்தது. போன வருடம் ஒரே நாளில் இரண்டு வீட்டில் மாதாவுக்குப் பாயாசம் காய்ச்சி வைத்துக்கொண்டு சண்டை பிடித்தார்கள். அப்போதுதான் எனக்கு இந்தப் புத்தி வந்தது. சமையலை வீடியோ பார்த்துப் படித்தவளுக்கு ஆப் செய்வது என்ன பெரிய காரியமென்று நினைத்தேன். என் பெருமைக்கு ஆண்டவர் ஒழுங்காகத்தான் பதில் தந்திருக்கிறார்.

வீடியோவில் வருகிற தமிழ்நாட்டுத் தம்பி நல்ல பிள்ளை. "ஓகே நண்பர்களே" என்று சொல்லி ஒரு பொத்தானை அமத்துவார், அவருக்கு எல்லாம் பச்சையாக வரும். அதே பொத்தானை நான் அமத்தினால் எனக்குச் சிவப்பு. நாங்கள் எழுதினதைச் சேர்த்து ஆப்பாக்கித் தருகிற கிரேடில் என்று ஒன்று இருக்கிறதே, அது தன் வேலையை முடித்தால்தான் நாங்கள் எங்கள் வேலையைத் தொடங்கலாம். அது முடிக்காது. நான் சோறு வடித்து, கறி இறக்கி, உடுப்புக் காயப்போட்டு வந்து பார்த்தால், முடியவில்லை என்று ஒரு வரி. ஏன் முடியவில்லை என்று அதற்குக் கீழே நாற்பது முழத்துக்கு விளக்கம், அதில் எனக்கு விளங்கியது "ஃபெயில்ட்" என்ற ஒரு சொல். இந்த நாட்டில் விசாக் கடதாசி அலுவலாக வரிசையில் நின்றவளுக்கு இது புதிதில்லை. அங்கேயும் ஏதோ ஒரு கடதாசி குறைவு என்பார்கள், எது என்று சொல்லமாட்டார்கள். கடைசியில் பார்த்தால் லப்டொப்பில் இருந்த ஜாவாவும் அது எதிர்பார்த்த ஜாவாவும் வேறு வேறு. நீ சொன்ன "கிளீன் பண்ணிட்டு றீபில்ட் பண்ணுங்கோ" என்பதையும் செய்தேன். அத்தோடு அந்தோனியாருக்கு ஒரு மெழுகுதிரியும் கொளுத்தினேன். எது வேலை செய்தது என்று என்னால் நிச்சயமாகச் சொல்லமுடியாது.

பிறகு எமுலேட்டர். லப்டொப்புக்குள்ளே ஒரு பொய்ப் போன் எழும்பி நிற்குமாம், அதில் ஆப்பைப் போட்டுப் பார்க்கலாமாம். அது எழும்பி நின்றதும் லப்டொப் படுத்துவிட்டது. காத்தாடி கத்திய கத்தலில் உன் அத்தான் குசினிக்குள் ஓடி வந்து, "என்னப்பா, உதுக்குள்ளை ஆரை வைச்சு அரைக்கிறாய்?" என்று கேட்டுவிட்டு, சத்தியமாகச் சொல்கிறேன், தன் கோப்பிக் குவளையை லப்டொப் மேல் வைத்துச் சூடு பார்த்தார். சரி, பொய்ப் போன் வேண்டாம், மெய்ப் போனையே செருகுவோம் என்று சந்தையில் வாங்கிய வயரைச் செருகினேன். போனுக்கு சார்ஜ் ஏறுகிறது, லப்டொப்போ போனே இல்லை என்கிறது. டெவலப்பர் ஒப்ஷனைத் திறந்தேன், டிபக்கிங்கைப் போட்டேன், மூடினேன், திரும்பத் திறந்தேன். கடைசியில், அது சார்ஜ் மட்டும் போகிற வயராம், தகவல் போகாதாம். வயரிலும் அப்படி ஒரு சாதி இருப்பதை ஆர் கண்டது?

எப்படியோ ஆப் ஓடிற்று. என் போனில் ஓடிற்று. மற்ற ஆக்களின் போனில்தான் சோதனை தொடங்கியது. பிரான்காச்சோவில் இருக்கிற றோசமலர் அக்கா தன் வீட்டு விவரத்தைப் பதிந்தபோது ஆப் பட்டென்று மூடிவிட்டது. திறந்தார், மூடியது. அவர் புருசனை இழந்தவர். "கணவர் பெயர்" என்ற இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறார், வெறுமையைக் கண்டால் என்ன செய்வதென்று நான் ஆப்புக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அவர் போன் எடுத்து, "மனிசன் இல்லாத வீட்டுக்கு மாதா வரமாட்டாவோ பிள்ளை?" என்று கேட்டார். எனக்கு நிலம் பிளந்தால் உள்ளே போகலாம் போல இருந்தது. அதைத் திருத்தி முடிக்க, கமிட்டித் தலைவர் லூர்து அண்ணையின் போன். "தங்கச்சி, நான் பாடுபட்டு எழுதினதெல்லாத்தையும் உன்ரை ஆப் விழுங்கிப்போட்டுது!" அவர் கட்டிலில் படுத்துக்கொண்டு பதிகிறவர். பக்கம் மாறிப் படுப்பார், திரை திரும்பும், திரும்பினவுடனே ஆப் தன்னைப் புதிதாகத் திறந்துகொண்டு எழுதினதையெல்லாம் மறந்துவிடும். "எழும்பி இருந்து எழுதுங்கோ அண்ணை" என்றால், "ஏன், மாதா வந்தால் நான் எழும்புவன்தானே, போனுக்கும் எழும்பவேணுமோ?" என்கிறார்.

இதற்கிடையில் பாதிப் பேருக்கு அறிவிப்பே போகவில்லை. ஏன் என்று தேடினால், புதுப் போன்களில் அறிவிப்பு அனுப்புவதற்கு முதலில் அனுமதி கேட்கவேண்டும். கேட்டிருக்கிறது. அவரவர் போன் இத்தாலியனில் இருப்பதால் அதுவும் இத்தாலியனில் கேட்டிருக்கிறது. எங்கள் சனம் இத்தாலியனில் ஏதாவது கேட்டால், வாசித்துச் சொல்ல ஆளில்லாத இடத்தில் "இல்லை" என்பதைத்தான் அமத்தும். இத்தனை வருடமும் அப்படித்தானே பிழைத்தோம். வீடு வீடாகப் போய், இது கடனுமில்லை கையெழுத்துமில்லை என்று சொல்லி, நானே அமத்திக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இதெல்லாம் வெறும் அலைச்சல், தம்பி. புதன்கிழமை நடந்ததுதான் என் நெஞ்சில் கிடக்கிறது.

அன்று பின்னேரம் றோசமலர் அக்கா வீட்டிலிருந்து மாதா கிளறா வீட்டுக்கு வரவேண்டும். லூர்து அண்ணையும் நாலைந்து பேரும் சுருவத்தைச் சால்வையால் சுற்றி, பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுவருவதாக ஒழுங்கு. வழியை ஆப் காட்டும். நான் முதலே கிளறா வீட்டுக்குப் போய் வடைக்கு அரைத்துக் கொடுத்து, மேசைக்கு வெள்ளைத் துணி விரித்துக்கொண்டிருந்தேன். யோசேப் குளித்து, வெள்ளைச் சேர்ட் போட்டு, மூச்சு வாங்க வாங்கக் கதிரையில் நிமிர்ந்து இருந்தார். அப்போது கிளறாவின் போன் மணி அடித்தது. மாதா வந்து சேர்ந்ததும் லூர்து அண்ணை தன் போனில் ஒரு பொத்தானை அமத்துவார், வீட்டாருக்குச் செய்தி வரும், அப்படித்தான் நான் செய்து வைத்திருந்தேன். செய்தி வந்தது. "மாதா உங்கள் இல்லத்தை வந்தடைந்தார்."

கிளறா மெழுகுதிரியைப் பிடித்துக்கொண்டு ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். வெளியே கீழ்வீட்டு இத்தாலியன் நின்று சிகரெட் பத்திக்கொண்டிருந்தான். மெழுகுதிரியைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினான். வேறு ஒருவரும் இல்லை. யோசேப் உள்ளேயிருந்து, "வந்திட்டாவோ?" என்று கேட்டார். நான் லூர்து அண்ணைக்குப் போன் எடுத்தேன்.

"அண்ணை, எங்கை நிக்கிறியள்?"

"இஞ்சை கிளறா வீட்டைதான் பிள்ளை. பொலிதேயாமாவிலை. லிப்டெல்லாம் இருக்கு! கிளறா நல்லா வந்திட்டாள், எங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லயில்லைப் பாத்தியே. ஆனா ஆரோ ஒரு வயசான வெள்ளைக்காரி நிக்கிறா."

"அண்ணை, அது கிளறா வேலை செய்யிற சிஞ்ஞோராவின்ரை வீடு!"

"அப்பிடியோ? ஆப்தான் இஞ்சை கொண்டந்து விட்டது. செபமாலை பாதி முடிஞ்சுது, இனி இடையிலை நிப்பாட்டேலாது." வைத்துவிட்டார்.

ஆப்பில் பிழை இல்லை, தம்பி, அதுதான் என் தலைவிதி. கிளறா கொடுத்த முகவரிக்கே அது கொண்டுபோய் விட்டிருக்கிறது. யோசேப் இங்கே வந்து சேருமுன் அவள் தன் சிஞ்ஞோராவின் வீட்டிலேயே தங்கி வேலை செய்தவள். பிறகு வீடு மாறியும் பெர்மெசோ என்கிற விசாக் கடதாசியில், அடையாள அட்டையில், எல்லாவற்றிலும் அந்த முகவரிதான் இன்னும் இருக்கிறது. "ஏனடி அதை எழுதினனீ?" என்று ஓட்டமும் நடையுமாகப் போகும்போது கேட்டேன். "முகவரி எண்டு கேட்டுதே அக்கா" என்றாள். அவள் சொல்வதும் நியாயம். ஒரு படிவம் முகவரி கேட்டால், இருக்கிற இடத்தையா எழுதுவோம்? கடதாசியில் இருக்கிறதைத்தான் எழுதுவோம். நானும் அப்படித்தானே எழுதுவேன். அதை யோசிக்காமல் ஆப் செய்தேனே, அது என் பிழை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சிஞ்ஞோரா மிம்மா மாதாவைத் தன் பியானோவின் மேல் வைத்து, செத்துப்போன மனிசனின் படத்துக்கு முன்னிருந்த பூவையெல்லாம் எடுத்து மாதாவின் காலடியில் போட்டிருந்தார். எங்களுடைய ஆக்கள் தமிழில் "அருள் நிறைந்த மரியே" சொல்ல, அவர் இத்தாலியனில் மறுபாதியைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு இடத்திலும் பிசகவில்லை. முடிந்ததும் கிளறா பக்குவமாக விஷயத்தைச் சொல்லப் பார்த்தாள். சிஞ்ஞோரா கையைக் காட்டி மறித்துச் சொன்னதைக் கிளறா எனக்குத் தமிழில் சொன்னாள். "தான் கூப்பிடயில்லையாம் அக்கா, அவவே லிப்ட் ஏறி வந்தவவாம். தன்ரை கதவைப் பிள்ளையளே தட்டுறேல்லையாம், மாதா வந்து தட்டினவவாம். எப்பிடி அனுப்புறது எண்டு கேக்கிறா."

எங்கள் வழக்கமும் அதுதானே, வீட்டார் தாங்களாகத் தராமல் எடுக்கமுடியாது. "விடுங்கோ அக்கா, நாளைக்குத் தருவா" என்றாள் கிளறா. யோசேப்பிடம் போய், மாதா நாளைக்கு வருவா என்று சொன்னோம். அவர் வெள்ளைச் சேர்ட்டைக் கழற்றி மடித்து வைத்தார். வியாழக்கிழமை கிளறா வேலைக்குப் போய்ப் பார்த்தால், சிஞ்ஞோரா மாதாவுக்கு முன்னால் கதிரை போட்டு இருக்கிறார். விடிந்தால் ஒபரேசன் என்று சொல்லி லீவு கேட்டாளாம், லீவு கிடைத்தது, மாதா கிடைக்கவில்லை. அன்று பின்னேரம் யோசேப்பை ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. அவர் மாதாவின் முகத்தைப் பார்க்காமலேயே போனார்.

நான் நேற்று முழுக்க இருந்து ஆப்பைத் திருத்தினேன். "கடதாசியில் உள்ள முகவரி" என்று ஒன்று, "இருக்கிற வீடு" என்று ஒன்று, வழி காட்டுவது இரண்டாவதை மட்டும். ஒவ்வொரு வீடாகப் போன் எடுத்துக் கேட்டுச் சரிபார்த்தேன். இனி அது பொலிதேயாமாவுக்குப் போகாது. ஆனால் தம்பி, திருத்தியும் எனக்கு மனம் ஆறவில்லை. கூட்டிக் கழித்துப் பார்த்தால் மிஞ்சுவது ஒன்றுதான்: ஒரு நோயாளி கேட்ட ஒரே ஒரு காரியத்தை நான் என் கெட்டித்தனத்தால் கெடுத்துவிட்டேன். யோசேப்புக்கு ஏதாவது ஒன்றென்றால் நான் கிளறாவின் பக்கத்தில் எப்படி இருப்பேன்? ஆகவே ஆப் வேண்டாம். ஒழுங்கை லூர்து அண்ணை வாயால் சொல்லட்டும், ஆக்கள் பழையபடி பாயாசத்தோடு சண்டை பிடிக்கட்டும். யோசித்துச் செய்கிறேன் என்று சொல்லாதே, உடனே கழற்று. லப்டொப்பைத் துணியால் மூடி அலுமாரிக்கு மேல் வைக்கச் சொல்லி அத்தானிடம் கொடுத்துவிட்டேன்.

றம்யாவுக்கு என் அன்பைச் சொல். இரண்டு பேரும் நேரத்துக்குச் சாப்பிட்டு, ஞாயிறு பூசை விடாமல், ஆளையாள் கோவிக்காமல் இருக்க மடு மாதாவின் கை உங்கள் தலையில் எப்போதும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா
மரிஸ்ரெல்லா

பி.கு. (பின்னேரம்): அனுப்புவதற்கு முதல் கிளறாவின் போன் வந்துவிட்டது. ஒபரேசன் நல்லபடி முடிந்தது. யோசேப் கண் முழித்து, முதல் கதையாகத் தேத்தண்ணி கேட்டாராம், தரமாட்டார்களாம், கோபித்துக்கொண்டு படுத்திருக்கிறாராம். இன்னொன்று கேள். விடிய அவரை ஒபரேசன் அறைக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது ஆஸ்பத்திரி நடைபாதைக்கு நடுவில் ஒரு கிழவி நின்று கட்டிலை மறித்தாராம். சிஞ்ஞோரா மிம்மா! மனிசனை அடக்கம் செய்த நாளுக்குப் பிறகு படியிறங்காத மனிசி, டாக்ஸி பிடித்து, மாதாவை மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். தாதிமார் சத்தம்போட்டும் விலகவில்லையாம். "இவன் பார்க்கட்டும், பிறகு கொண்டுபோங்கள்" என்று, யோசேப்பின் முகத்துக்கு நேரே சுருவத்தைப் பிடித்தாராம். அவர் பார்த்து, கும்பிட்டு, சிரித்துக்கொண்டே உள்ளே போனாராம். பிறகு சிஞ்ஞோரா தானாகவே மாதாவைக் கிளறாவின் கையில் கொடுத்துவிட்டார். ஆகவே தம்பி, ஆப்பைக் கழற்றாதே. அலுமாரிக்கு மேலிருந்து லப்டொப்பையும் இறக்கியாயிற்று. ஒரு சிக்கல். சிஞ்ஞோரா கிளறாவைக் கொண்டு ஆப்பைத் தன் போனில் போட்டிருக்கிறார். இன்று திறந்து பார்த்தால் மாதா போகிற வீடுகளில் தன் வீட்டைக் காணவில்லையாம். நான் என்ன பாவம் செய்தேன் என்று அழுகிறாராம், மேல்வீட்டுக் கிழவியும் தனக்கு மாதா எப்போது என்று கேட்கிறாராம். நான் நேற்று கண் பூத்துப்போகத் திருத்தின அந்தப் பிழையைத் திரும்ப உள்ளே போடுவது எப்படி என்று உடனே எழுது.