ஷூவுக்குள் ஒரு வெப்ப இயக்கவியல்

காப்பியடிப்பவனைப் பிடிக்க எனக்குக் கண்ணே வேண்டாம், மோப்பம் போதும் என்று பீற்றிக்கொண்டு திரிந்தவன் நான். (ஆம்பூரின் தோல் வாடைக்கு நடுவே எதை மோந்தாய் என்று யாரும் கேட்கவில்லை.) அப்போது ஒரு பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். அன்று செமஸ்டர் தேர்வுக் கண்காணிப்பு. காலில் புது ஷூ. நீதியே நடந்து வருவதைப் போல அதில் ஒரு சத்தம்.

வெப்ப இயக்கவியல் தாள். மின்விசிறிகள் முனக, பேனாக்கள் தூறலாய்ப் பெய்துகொண்டிருந்தன. அணைக்கட்டு ஊரிலிருந்து வரும் தினேஷ் மட்டும் ஒரு ஷூவைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்தான். பாய்ந்தேன். ஷூவின் நாக்கைப் புரட்டினால், அடியில் வெள்ளி மையில் கோடுகள், புள்ளிகள், ஓர் அம்புக்குறி!

"இன்னாப்பா இது?"

"கல்லு குத்துது சார், அதான் பாத்தேன்."

"கல்லா? படமே போட்டு வச்சிருக்க!"

"ஐயோ, அது கம்பெனியில போட்ட மார்க்கு சார். வுடுங்க சார், டைம் போவுது."

விடுவேனா? பிட்டு என்று முடிவானால் அந்த செமஸ்டரின் எல்லாத் தாளும் ரத்து. கேம்பஸில் அவனுக்குக் கிடைத்திருந்த வேலையும் போய்விடும். அதெல்லாம் தெரிந்தும், ஷூவைக் கைக்குட்டையால் ஏந்தியபடி தலைமைக் கண்காணிப்பாளர் வசந்தி மேடத்தின் அறைக்கு நடந்தேன். பின்னாலேயே அவன் ஒற்றை ஷூவோடு விந்தி வந்தான்.

அங்கிருந்த கரும்பலகையில் குறிகளை அப்படியே வரைந்து விளக்கினேன். இந்த வளைவு மாறா வெப்பநிலை. இந்த அம்பு வெப்பம் போகும் திசை. (என் வாழ்நாளிலேயே தெளிவாக நடத்திய வகுப்பு அதுதான்.)

மேடத்தின் பார்வை பலகையில் இல்லை, என் காலில் இருந்தது.

"சார், நீங்க ஷூ எங்க வாங்குனீங்க?"

"பைபாஸ்ல மேடம், எக்ஸ்போர்ட் ரிஜெக்ட் கடை. ரேட்டு ரொம்பக் கம்மி."

"கழட்டுங்க."

கழற்றினேன். நாக்கைப் புரட்டினார். அதே கோடு, அதே புள்ளி, அதே அம்பு. தைப்பவருக்கு வழிகாட்ட வெள்ளிப் பேனாவால் போடும் குறி அது. கப்பலேறும் ஷூவில் துடைத்துவிடுவார்கள். கழித்துப்போட்டதில் யார் துடைப்பார்கள்?

"ரெண்டு பேர் மேலயும் கேஸ் எழுதிடலாமா சார்?" என்று சிரித்தார் மேடம். நானும் சிரித்து வைத்தேன்.

தினேஷ் சிரிக்கவில்லை. "மேடம், போன டைம யாரு குடுப்பா?"

சிரிப்பு நின்றது. நேரம் போனது என்னால். பல்கலைக்கழகத்துக்கு நானே போன் போட்டேன். தவறு என்னுடையது, பையனுக்கு நேரம் தர வேண்டும் என்று ஒவ்வொரு அதிகாரியிடமும் முதலிலிருந்து சொன்னேன். அனுமதி வந்ததும், கையில் கிடைத்த ஷூவை மாட்டிக்கொண்டு தினேஷ் ஓடினான்.

எல்லோரும் போன பிறகும் அவன் தனியே எழுதிக்கொண்டிருந்தான். வாசலில் காவல் நின்ற என் இடது காலை ஏதோ நறுக்கென்று குத்தியது. அவன் ஓடியது என் ஷூவில். என் காலில் அவன் ஷூ, அதற்குள் அந்தக் கல்.

தினேஷ் பாஸாகி வேலைக்கும் போய்விட்டான். நான் இன்றும் பிட்டு பிடிக்கிறேன், கூசாமல். ஆனால் வீட்டில் நேர்மையைப் பற்றி வாயைத் திறந்தாலே மகள் கத்துகிறாள்: "அப்பா, மொதல்ல உன் ஷூவ கழட்டு!"

கழற்றிக் காட்டிவிட்டுத்தான் தொடர்கிறேன்.