மாமனார் கத்தியில் ஒரு கட்டைவிரல் பள்ளம்

செக்காலை, காரைக்குடி
12-8-1968

பினாங்கில் கடை நடத்தும் மரியாதைக்குரிய மச்சான் சுல்தான் அவர்களுக்கு, உங்கள் தங்கை ஜரீனாவைக் கட்டிய அல்லாபிச்சை அஸ்ஸலாமு அலைக்கும் சொல்லி எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். உங்கள் சுகத்துக்கும் துஆச் செய்கிறோம்.

"அத்தாவின் சவரக் கத்தியைப் பழுது பார்த்து வையுங்க. அத்தா நினைவாக எனக்கு அது ஒன்று போதும், வந்து எடுத்துக்கொள்கிறேன்" என்று எழுதியிருந்தீர்கள். படித்த கையோடு, பெட்டியடியில் துருவேறிக் கிடந்ததை எடுத்துக்கொண்டு, பாத்திரக் கடை பாலிஷ் சக்கரத்தில் பிடித்தால் பளபளவென்று ஆகிவிடும், சிவப்பு பிளாஸ்டிக்கில் புதுப் பிடியும் போட்டுவிடலாம் என்று கிளம்பினேன். நல்ல வேளை, வழியில் சலூன் வைத்திருக்கும் சின்னக்கண்ணு பார்த்துவிட்டார். கையில் வாங்கியவர் திருப்பித் தரவேயில்லை. "சக்கரத்துல குடுத்தா அலகுல வெட்டியிருக்கிற எழுத்தெல்லாம் ஓடிப்போகும். மாமனார் படம் மங்கிப்போச்சுன்னா வேற ஆள் மூஞ்சிய வரைஞ்சு மாட்டுவீகளா?" என்றார். அவர் பின்னாலேயே சலூனுக்குப் போனேன்.

பத்து நாள், மச்சான்! சலூன் பெஞ்சைவிட்டு நான் எழுந்திருக்கவில்லை. எண்ணெயில் ஊறப்போட்டு, மூங்கில் சிராயால் துருவை மட்டும் நோண்டி நோண்டி எடுக்கிறார். கறுத்த இடத்தைத் தொடவில்லை. "அது அழுக்கில்ல, வயசு" என்கிறார். சீமை எழுத்து ஒவ்வொன்றாகத் தலைநீட்டியபோது எனக்குப் புல்லரித்துவிட்டது. கொம்புப் பிடியில், கத்தியை விரிக்கிற இடத்தில், தேய்ந்து தேய்ந்து ஒரு கட்டைவிரல் பள்ளம். அதை இழைத்துச் சமமாக்கச் சொன்னேன். அவர் பார்த்த பார்வை இருக்கிறதே! அப்புறம்தான் உறைத்தது, அது மாமாவின் விரல்! என் விரலை வைத்தேன், கச்சிதமாக உட்கார்ந்தது. அல்லாஹ்வே, மாமா இருந்த காலத்தில் அவரை நிமிர்ந்து பார்க்கவே பயந்தவன் நான். அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

பிறகு தோல் வாரில் தீட்டி என் கன்னத்தில் வைத்தார். வைத்ததே தெரியவில்லை. ஆச்சரியம் தாங்காமல் "சுப்ஹானல்லாஹ்!" என்று தலையை ஆட்டினேன், பாதி மீசை போய்விட்டது. மீதியையும் எடுத்துவிட்டோம். வீட்டில் உங்கள் தங்கை என்னைப் பார்த்து முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

ஆக, அத்தாவின் விரல் பதிந்த கத்தி உங்களுக்காகக் காத்திருக்கிறது. அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளும் பரக்கத்தும் தருவானாக. வீட்டில் அனைவருக்கும் எங்கள் சலாம்.

அல்லாபிச்சை

பி.கு.: ஒட்டுமுன் ஜரீனாவுக்கு வாசித்துக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரிக்கிறாள். "எங்க அத்தாவுக்கு ஆயுசுக்கும் மொட்டைத் தலை. தன் தலையத் தானே செரைச்சாகளாக்கும்? வெள்ளிக்கு வெள்ளி வீரையால்ல வந்து இந்தக் கத்தியால செரைச்சுவிடுவாரு!" வீரையா, சின்னக்கண்ணுவின் தகப்பனார். பத்து வயதில் கப்பலேறிய உங்களுக்கு இது நினைவிருக்காது. மாமா அந்தக் கத்தியைக் கையால் தொட்டதே கிடையாதாம்! கத்தியோடு சலூனுக்கு ஓடினேன். "ஏன்யா சொல்லலை?" என்றேன். "கத்தி உங்க வீட்டுக் கத்திதான் ராவுத்தரே. பள்ளம் மட்டும் எங்கய்யாவுது" என்றார். அதைக் கேட்ட பிறகு திருப்பி எடுத்துவர எனக்குக் கை வரவில்லை, மச்சான், அவரிடமே கொடுத்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். ஊருக்கு வந்ததும் அவர் கையால் ஒரு மொட்டை போட்டுக்கொள்ளுங்கள். அத்தாவுக்கும் அந்தக் கத்தியைத் தலையில்தான் தெரியும்.