தொங்குகிற இறக்கை

"மாமா, ரெண்டு இறக்கை கறுப்பா இருந்தா பறவைக்கு இன்னும் நல்லாத்தானே தெரியும்?"

மச்சினன் போனில் இப்படிக் கேட்டபோது பெயின்டர் இடுப்பில் ஒத்தடப் பையோடு குப்புறப் படுத்திருந்தார். இந்தக் கேள்விக்கு முதுகுவலியே தேவலை என்று தோன்றியது.

காற்றாலையின் மூன்று இறக்கைகளும் வெள்ளையாகச் சுற்றினால் பறவையின் கண்ணுக்கு வெறும் பனிமூட்டம் போலத்தான் தெரியுமாம். ஒன்றுக்கு மட்டும் கறுப்பு அடித்தால், ஏதோ சுழல்கிறது என்று புரிந்து விலகிப் போகுமாம். பறவைகளை ஆராய்ச்சி செய்கிற 'பறவை மேடம்' போனில் அப்படித்தான் விளக்கினார். அவர் கொடுத்த வேலை, கேட்டைத் தாண்டியதும் முதலில் நிற்கிற காற்றாலையில் ஓர் இறக்கை. அது சரியாக வந்தால் மேட்டில் நிற்கிற அத்தனைக்கும் இவர்களே அடிக்கலாம். தண்ணீர்த் தொட்டியும் மதில்சுவரும் தவிர வேறு எதையும் அடித்திராத குடும்பம் அது. பெயின்டரின் மனைவி அன்றே புதுக் கயிறு வாங்கிவிட்டாள். மச்சினன் கண்டுபிடித்த குறுக்கு வழியில் பின்பக்கக் கேட்டுக்கு வந்து, காவலாளியை எழுப்பி, முதலில் நின்ற காற்றாலையில் வேலையை ஆரம்பித்தார்கள்.

அந்த உயரத்தில் பெயின்டருக்கு ஒரு சிநேகிதமும் கிடைத்தது. மேட்டின் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கழுகு வரும். அவரை ஒரு வட்டமடித்து, தலையைச் சாய்த்து, அடித்த இடத்தைப் பார்த்துவிட்டுப் போகும். இன்ஸ்பெக்டர் என்று பேர் வைத்திருந்தார். இன்ஸ்பெக்டர் மேல் ஒரு கீறல் விழக்கூடாது என்பதற்காகவே கறுப்பை நிதானமாக இழுத்து இழுத்து அடித்தார். அதில்தான் இடுப்பு பிடித்துக்கொண்டது.

"தொங்குற இறக்கைக்கு இன்னொரு கோட்டு கறுப்பு குடுத்துடு மாப்ளே" என்று மச்சினனை அனுப்பினார்.

ஆனால் சாயங்காலமானால் காற்றாலை மெக்கானிக், பெயின்ட் வேலைக்காகப் போட்ட பூட்டை எடுத்து இறக்கைகளைச் சுற்ற விட்டுவிடுவார். காலையில் மறுபடி பூட்டும்போது எது கீழே தொங்குகிறதோ, அது காற்றின் இஷ்டம். மச்சினன் போனபோது தொங்கியது வெள்ளை இறக்கை. அதையும் கறுப்பாக்கிவிட்டுத்தான் இப்போது போன் செய்திருந்தான்.

மனைவி போனைப் பிடுங்கினாள். "ஏன்டா, தொங்குறது வெள்ளையா இருக்கேன்னு ஒரு வார்த்தை கேக்கத் தோணலையா?"

"கேட்டா மாமா எதிர்த்துப் பேசறேன்னு சொல்லுவாருக்கா."

அது உண்மை என்பதால் பெயின்டர் தலையணையைப் பார்த்துக்கொண்டார். பிறகு ஒரு யோசனை சொன்னார்: நாளைக்குத் தொங்குவதை வெள்ளையாக்கிவிட்டால் போதும். இரண்டு கறுப்பில் எது தொங்கினால் என்ன?

தொங்கியது மூன்றாவது.

மச்சினன் வெள்ளை மேல் வெள்ளை அடித்து, கண்ணாடி மாதிரி வந்திருப்பதாகப் பெருமையோடு படமும் அனுப்பினான். அதைப் பார்த்து மனைவி சிரித்த சிரிப்பில் பெயின்டருக்கு வந்த கோபம் பாதியில் நின்றுபோனது. மறுநாள் இடுப்பில் பட்டையை இறுக்கிக்கொண்டு அவரே ஏறினார். கீழே மனைவி கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். கறுப்பு இறக்கை ஒன்று தொங்கியது. அதை வெள்ளையாக்கினார். மீதி ஒரு கறுப்பு. நிம்மதியாக வீட்டுக்கு வந்து படுத்தார்.

மச்சினனுக்குத்தான் நிம்மதி இல்லை. செய்த தப்பைச் சரிக்கட்ட வேண்டும் என்று, யாரிடமும் சொல்லாமல் அடுத்த நாள் போனான். கறுப்பு இறக்கை தொங்கியது. தொங்குவதை வெள்ளையாக்கு என்பதுதான் அவன் காதில் கடைசியாக விழுந்த உத்தரவு.

"உங்களுக்குச் சிரமம் வேணாம்னு நானே முடிச்சுட்டேன் மாமா."

பறவை மேடம் வருகிற நாளும் அதுவாகவே அமைந்தது. மூவரும் காற்றாலையின் காலடியில் நின்றார்கள். மேலே மூன்று இறக்கைகளும் பால் மாதிரி சுற்றின. கறுப்பு டப்பா காலி.

"பிரஷ் காணாமப் போச்சுன்னு சொல்லிடலாமா?" என்றார் பெயின்டர்.

"உள்ளதைச் சொல்லுங்க. பொய் சொன்னா உங்களுக்குக் காது சிவந்துடும்" என்றாள் மனைவி. காது அதற்குள் சிவந்துதான் இருந்தது.

மேட்டின் அந்தப் பக்கத்திலிருந்து புழுதியைக் கிளப்பிக்கொண்டு மேடத்தின் வண்டி வந்தது. பெயின்டர் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டு, ஒரு தப்பு நடந்துபோச்சு என்று ஆரம்பித்தார். மேடம் காதில் வாங்கவில்லை. இறங்கியதும் பைனாகுலரைத் தூக்கி, மூன்று இறக்கைகளும் சுற்றி வருவதை ஒரு முழுச் சுற்று பார்த்தார். பிறகு முகமெல்லாம் சிரிப்பாக அவர் பக்கம் திரும்பினார்.

"முன் கேட்டுல இருக்கறதை நீங்க இன்னும் ஆரம்பிக்கலன்னாலும் பரவாயில்லண்ணே; ஒப்பிட்டுப் பார்க்க வச்சிருக்கற இந்த ஒண்ணை மட்டும் தொடாம வெள்ளையாவே விட்டீங்க பாருங்க, அது போதும்."