பேரில் மட்டும் டீசல்

பன்னீர்செல்வத்தைத் தோற்கடிக்கும்வரை இந்தத் தலையில் சீப்பு வைப்பதில்லை என்று சபதம் எடுத்தேன். தலையில் பெரிதாக முடி இல்லாததால் சபதம் சுலபமாகத்தான் இருந்தது.

பன்னீர்செல்வம் எங்கள் குவார்ட்டர்ஸுக்கு நேர் மேல்வீட்டுக்காரர். எனக்கும் அவருக்கும் நெய்வேலி மைன்ஸில்தான் வேலை. அந்த ஞாயிற்றுக்கிழமை வரை நல்ல மனிதராகத்தான் இருந்தார். அன்றைக்கு கை நீளத்துக்கு ஒரு குட்டி ரேஸ் போட்டைக் கொண்டுவந்து குளத்தில் விட்டார். உள்ளே ஏதோ அந்தக் காலத்து வெளிநாட்டு இன்ஜின். குளத்தின் நடுவில் ஒரு கம்பம், கம்பத்துக்கும் போட்டுக்கும் ஒரு ஒயர். கிளப்பி விட்டால் போட் கம்பத்தையே சுற்றிச் சுற்றி வரும். கல்யாணமான ஆண்களுக்குப் பழகிய விளையாட்டு.

அது வீறிட்டுக்கொண்டு சுற்றியதைப் பார்த்து, என் மனைவி தேவயானி வாயைப் பிளந்தாள்.

"கையா அது! எவ்வளவு பழைய இன்ஜின், எப்படிப் பாடுது பாருங்க!"

"நானும் ஃபிட்டர்தான்டி."

"ஆமா, மைன்ஸ்ல ஃபிட்டர். வீட்ல எனக்கு ஃபிட்டிங் வைக்கிறதோட சரி."

எனக்கு வயிறு எரிந்தது. அந்த எரிச்சலை அப்படியே பாய்லரில் போட்டிருந்தால் அன்றைக்கு நெய்வேலிக்கு நிலக்கரியே தேவைப்பட்டிருக்காது. காணும் பொங்கலன்று குளத்தில் போட் போட்டி. அதில் ஜெயித்து, என் பெண்டாட்டி என் கையைப் பார்த்து 'கையா அது' என்று சொல்ல வேண்டும். எனக்கு வேறு எதுவும் வேண்டாம்.

குள்ளஞ்சாவடியில் ஒரு பழைய இரும்புக் கடையில் சாமி கண்ணைத் திறந்தது. உள்ளங்கையில் அடங்குகிற இன்ஜின். சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் ஓட ஒரு உறை, அதில் இரண்டு பித்தளைக் குழாய். கயிறு சுற்றிக் கிளப்பப் பள்ளம் வெட்டிய கனமான சக்கரம். போட் இன்ஜின்தான், சந்தேகமில்லை. ஆனால் எந்த ரகம், எதைக் குடிக்கும்? பேர் தேய்ந்து போயிருந்தது. இதையெல்லாம் பார்த்தவுடன் சொல்லக்கூடிய ஆள் டவுன்ஷிப்பிலேயே ஒருத்தர்தான். அவரிடம் போய்க் கேட்பதற்கு, நான் இன்ஜினையே விழுங்கிவிடலாம்.

"நான் வேணா மேல போய்க் கேட்டுட்டு வரட்டா?" என்றாள் தேவயானி.

"போ. என் இன்ஜின்னு சொல்லாதே."

போனவள் வரவே இல்லை. மேலே நாற்காலி நகர்ந்தது. யாரோ சிரித்தார்கள். நான் கூரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசியில் வந்தாள், முகமெல்லாம் பிரகாசமாக.

"இன்ஜினுக்கு மேல ஸ்பார்க் பிளக் இல்லை. அதுக்குப் பதிலா ஒரு திருகு இருக்கு பாருங்க, அதைத் திருகி அழுத்தத்தைக் கூட்டணும். அப்படின்னா இது டீசலாம்."

"பன்னீர் சொன்னாரா?"

"பின்ன?"

"அதுக்கு ஏன் அவ்வளவு சிரிப்பு?"

"டீசல்னா சிரிக்கக் கூடாதா?"

அடுத்து, வேகம் கூட இன்ஜினில் மாற்றம் செய்ய வேண்டும். அதற்கும் தேவயானிதான் மேலே போனாள். அதற்கும் மேலே சிரிப்பு.

"புகை போற துவாரத்தைப் பெரிசா ராவணுமாம். ஆனா எடுத்த உடனே அரம் வைக்கக் கூடாதாம். முதல்ல கை பழகணுமாம்."

"எதுல?"

"நம்ம அருவாமணையில."

ராவினேன். அருவாமணை மின்னியது. தண்ணீர் உறையில் ஒழுகாமல் வாஷர் போடப் பழகுவதற்காக வீட்டுக் குழாய்கள் எல்லாவற்றிலும் வாஷர் மாற்றினேன். சக்கரத்தை ஆடாமல் நிறுத்தப் பழகுவதற்காக, கல்யாணமான நாளிலிருந்து ஆடிக்கொண்டிருந்த ஹால் ஃபேனின் ஆட்டத்தை நிறுத்தினேன். எதிரியாக இருந்தாலும் பன்னீர்செல்வம் படிப்படியாகச் சொல்லித்தருகிற மனிதர் என்று எனக்கே தோன்றியது. அதுவும் எரிந்தது. கடைசியில் இன்ஜினையும் ராவி, ஒரு குட்டி போட்டில் பொருத்தினேன்.

காணும் பொங்கல் வந்தது. குளத்தங்கரையில் நல்ல கூட்டம். பன்னீரின் போட் சுற்றி முடித்து, கைதட்டல் வாங்கியது. என் முறை. இன்ஜின் டாங்க்கில் பங்க்கிலிருந்து வாங்கி வந்த டீசலை ஊற்றினேன். கயிற்றைச் சுற்றி இழுத்தேன். இழுத்தேன். என் தோள்பட்டைதான் கழன்றது. இன்ஜின் இருமக்கூட இல்லை.

பன்னீர் குனிந்து பார்த்தார். "என்னா சார் ஊத்திக்கினு இருக்கீங்க?"

"டீசல். நீங்கதானே டீசல் இன்ஜின்னு சொன்னீங்க?"

"நானா? இந்த இன்ஜினையே இப்பதான் பாக்குறேன்!"

"அருவாமணை? ஃபேன்? குழாய்?"

"யாரு வூட்டுக் குழாய் சார்?"

நான் திரும்பினேன். "தேவயானி! அப்ப மேல போய் யார்கிட்டடி பேசின?"

"இவரோட வீட்டம்மா காயத்ரி அக்காகிட்ட. அவங்க வீட்லதான வைஃபை இருக்கு. இன்ஜினைப் போட்டோ எடுத்து, பழைய இன்ஜின் சேர்க்கிறவங்க குரூப்ல போட்டேன். விவரம் எல்லாம் அந்த குரூப்காரங்க சொன்னது."

வைஃப் போனது வைஃபைக்காக. மனது குளிர்ந்துவிட்டது. குழாய்க் கணக்கை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

"அவங்க டீசல்னு சொன்னதும் தப்பா?"

"பேருதாங்க டீசல். ஊத்த வேண்டியது ஈதர், மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய், மூணும் கலந்தது."

"டீசல் இன்ஜின்ல டீசல் கிடையாதா?"

"உங்க பேருகூடத்தான் கருப்பசாமி. சாமியா இருக்கீங்க?"

"கடைசியா என்ன சொன்ன? விளக்கெண்ணெயா? இன்ஜினுக்கா, எனக்கா?"

"தள்ளுங்க."

டாங்க்கைக் கவிழ்த்து, தன் கூடையிலிருந்த பாட்டிலிலிருந்து ஊற்றினாள். திருகைக் கொஞ்சம் இறக்கினாள். கயிற்றைச் சுற்றி ஒரே இழுப்பு. குளமே அலறியது. போட் தண்ணீரைத் தொட்டதா இல்லையா என்றே தெரியவில்லை. பன்னீர் வாயைத் திறந்தவர் மூட மறந்தார். நாங்கள் ஜெயித்துவிட்டோம்.

"அப்பா! யாருங்க இந்த இன்ஜினைத் தயார் பண்ணது?" என்று கூட்டம் நெருங்கியது.

என் தலை தானாகத் தொங்கியது. அப்போதுதான் தேவயானி என் கையைப் பிடித்து உயரத் தூக்கினாள்.

"எங்க வீட்டுக்காரர்தாங்க! கையா இது! ஃபேன், குழாய், மிக்ஸி எல்லாத்தையும் உயிர் கொடுத்து எழுப்பிடுவார்!"

பன்னீர்செல்வத்தின் முகத்தில் பொறாமை அப்பட்டமாகத் தெரிந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் காதோரம் குனிந்து கேட்டேன்: "விவரம் கேட்டதும் கிளப்பினதும் நீதானே? பேரை ஏன் எனக்குக் கொடுத்த?"

"பின்ன? என் பேரைச் சொன்னா, நாளைக்கு இந்த பிளாக் மிக்ஸியெல்லாம் என்கிட்டல்ல வந்து நிக்கும்?"