பயப்படாதே அப்பாக்கள்

சில அப்பாக்கள் இருக்கிறார்கள். பிள்ளைக்குப் பள்ளி திறப்பதற்கு வெகு முன்பே இவர்களுக்குத் திறந்துவிடும். பிள்ளை விடுமுறையின் நடுவே கவலையில்லாமல் சைக்கிள் மிதித்துக்கொண்டிருக்கும். இவர்கள் பின்னாலேயே ஓடி, பயப்படாதே என்பார்கள். சைக்கிளுக்காக அல்ல, அடுத்த வகுப்புக்காக. இந்த இனத்துக்குப் 'பயப்படாதே அப்பாக்கள்' என்று பெயர் வைத்தால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்துக்கொண்டால், அவர் யாரென்று நமக்குத் தெரிந்துபோகும்.

நம் பல் டாக்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். கைராசிக்காரர். ஆனால் நாற்காலியில் சாய்ந்தவரிடம், "ஒண்ணுமில்ல, வலிக்கவே வலிக்காது" என்று அவர் சொன்ன மாத்திரத்தில், அதுவரை வலியைப் பற்றி நினைக்காதவர்கூட நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக்கொள்வார். அந்த வைத்தியத்தை அவர் மாலையில் வீட்டுக்கும் கொண்டுவந்துவிடுவதுதான் சிக்கல். ஒரே மகள். மூன்றாம் வகுப்புக்குப் போகிறாள். அதே பள்ளிதான், டீச்சர் மட்டும் புதுசு, வகுப்பு மாடியில். மாடி என்றதும் அவளுக்குச் சந்தோஷம்தான். ஜன்னலிலிருந்து தெருவைப் பார்க்கலாமே.

டாக்டர் விடுவாரா? புது ஷூ கடிக்குமோ என்று வீட்டுக்குள்ளேயே மாட்டி நடக்கவைத்தார், விடுமுறையிலும் விடிந்ததும் எழுப்பிச் சீருடை போட்டுப் பார்த்தார், சாப்பாட்டு டப்பாவை மூடித் திறக்கப் பழக்கினார், பூட்டிய பள்ளியின் வாசல்வரை பல தடவை கூட்டிப்போய்த் திரும்பினார், அதுவும் போதாதென்று மனைவியின் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு தானே புது டீச்சராகி, "உன் பேர் என்ன?" என்று கேட்டார்.

"நீங்கதானே வச்சீங்க" என்றாள் மகள்.

இதுவரை மோசமில்லை. ஒரு மாலை, யாரும் உன்கூடப் பேசாவிட்டாலும் கவலைப்படக் கூடாது என்று ஆரம்பித்தார்.

"ஏன் பேச மாட்டாங்க?"

"பேசுவாங்க. ஒருவேளை பேசலைன்னா..."

அந்த 'ஒருவேளை' போதாதா? அப்புறம், டீச்சர் திட்டினாலும் பயப்படாதே என்றார். டீச்சர் திட்டுவார் என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரியும். மாடிப்படியில் யாராவது இடித்தாலும் பயப்படாதே என்றார். பயப்பட வேண்டியவை இத்தனை இருக்கின்றனவா என்று மலைத்துப்போன பெண், தன் பங்குக்கு ஒன்றைத் தேடிக் கண்டுபிடித்தாள். தேடினால் கிடைக்காத பயம் உண்டா? சோறு இறங்கவில்லை. சைக்கிள் சுவரில் சாய்ந்தே கிடந்தது. பள்ளி திறக்கும் நாள் நெருங்கியபோது, நான் போகப்போவதில்லை என்று சொல்லியேவிட்டாள்.

டாக்டருக்கு முகம் விழுந்துவிட்டது. இத்தனை பாடுபட்டும் இப்படியா? உடனே, சின்ன வயதில் தான் எப்பேர்ப்பட்ட தைரியசாலி என்று சொல்லத் தொடங்கினார். மகள் காதைப் பொத்திக்கொண்டாள்.

அவர் மனைவி கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். நடுங்குகிறவர்களின் பக்கத்து சீட்டில் நாள் முழுக்க உட்கார்ந்தே பழகியவர். வேலை முடிந்து வந்ததும் விஷயத்தைக் கேட்டார். வாசலில் நின்ற காரின் முன்சீட்டில் மகளை ஏற்றிக்கொண்டார். டாக்டரும் பின்சீட்டில் தொற்றிக்கொண்டார்.

"வர்றதுன்னா வாங்க. ஆனா வாயைத் திறக்கக் கூடாது" என்றார் மனைவி. ஊர் வாயையெல்லாம் திறக்கச் சொல்லியே சம்பாதித்த மனிதருக்கு இப்படி ஒரு தண்டனை.

"எதை நினைச்சா பயமா இருக்கு?" என்று மகளிடம் கேட்டுவிட்டு, மனைவி தன் பாட்டுக்கு ஸ்டியரிங்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். பின்சீட்டில் டாக்டர் இருமிப் பார்த்தார். யாரும் சட்டைசெய்யவில்லை. கடைசியில் மகள் மெதுவாகச் சொன்னாள்.

"மாடி பாத்ரூம் தாழ்ப்பாள்."

போன வருஷம் பெரிய வகுப்பு அக்கா ஒருத்தி அங்கே மாட்டிக்கொண்டு கதவைத் தட்டியிருக்கிறாள். வெளியே நின்றவர்கள் சிரித்திருக்கிறார்கள். அந்தச் சிரிப்பு இவள் காதை விட்டுப் போகவில்லை. இனி இவளுக்கும் அந்த பாத்ரூம்தான்.

டாக்டர் இருமலை நிறுத்திக்கொண்டார். ஊரில் உள்ள பயத்தையெல்லாம் வாரிக்கொண்டுவந்து அவள் தலையில் கொட்டியவர், அவளிடம் இருந்த ஒன்றைக் கேட்கவே இல்லையே.

மறுநாள் மூவரும் பள்ளிக்குப் போனார்கள். அங்கே ஆட்கள் வகுப்பறைகளைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். பூட்டிய வாசலுக்கு ஓயாமல் வந்துபோன டாக்டரைக் காவலாளிக்கு நன்றாகவே தெரியும். சிரித்துக்கொண்டே உள்ளே விட்டார். தாழ்ப்பாள் நிஜமாகவே முரடுதான். கதவைத் திறந்துவைத்தபடியே, நீயே ஆட்டிப் பார் என்றார் அம்மா. தள்ளினாள், இழுத்தாள், கொஞ்சம் தூக்கிப் பிடித்து இழுத்தாள். வழுக்கிக்கொண்டு வந்தது. பிறகு கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயிருந்து திறந்தாள். அம்மா கைதட்டவில்லை, கட்டிக்கொள்ளவில்லை. இன்னொரு தடவை செய் என்றார், அவ்வளவுதான்.

அத்தோடு கிளம்பியிருக்கலாம். இந்த இனம் கிளம்புமா? எதற்கும் தானும் ஒருமுறை பார்த்துவிடுவதாகச் சொல்லி, டாக்டர் உள்ளே போய்த் தாழிட்டுக்கொண்டார். தள்ளும் சத்தம் கேட்டது. இழுக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் ஒரு சத்தமும் இல்லை.

"பயப்படாதே கண்ணு. அப்பா வந்துடுவேன்" என்றது உள்ளேயிருந்து ஒரு குரல்.

"நான் பயப்படலப்பா. தூக்கிட்டு இழுங்க."

கதவு திறந்தது. வியர்த்து வழிந்து நின்றவரைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு பொங்கியது. வாயைப் பொத்தி அடக்கிக்கொண்டாள். மாட்டிக்கொண்டவரைப் பார்த்துச் சிரிப்பது எப்படி வலிக்கும் என்று அவளுக்குத் தெரியும். டாக்டரே முதலில் சிரித்துவிட்டார். அதன் பிறகுதான் அவள் சிரித்தாள். அன்று மத்தியானம் இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

பள்ளி திறந்த அன்று மாடிப்படியில் தாவி ஏறிப் போனவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. டாக்டரும், இனி மகளிடம் அந்த வார்த்தையைச் சொல்வதில்லை என்று மனைவிக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினார். வாசலில் மகளிடம் 'பயப்படாதே' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற இன்னொரு அப்பாவிடம்தான் சொன்னார்.

சந்தேகமிருந்தால் மணி அடித்த பிறகு எந்தப் பள்ளி வாசலிலும் போய்ப் பாருங்கள். பிள்ளைகள் உள்ளே போய்விட்டிருப்பார்கள். கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு, மாடி ஜன்னலை அண்ணாந்து பார்த்தபடி ஒரு கூட்டம் மட்டும் நகராமல் நிற்கும். என்ன, உங்களுக்கு அந்த இடம் ஏற்கெனவே தெரியுமா? அந்தப் பக்கமாகப் போனபோது சும்மா நின்றீர்களா? அது சரி. அங்கே நிற்கிற எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள்.